ஒரு மரம்கூட வாடவில்லை

ஜூலை 6, திங்கள்

காலையிலிருந்து ஒரே காற்று. மாடியில் காயப்போட்ட துணி பக்கத்து வீட்டு மாடியில். வெயில் மட்டும் குறைந்த பாடில்லை.

என் பிஎச்.டி. மாணவி அமலாவின் வைவா (வாய்மொழித் தேர்வு) 16, வியாழன். இன்னும் பத்து நாள். செய்ய வேண்டியவை:

– அழைப்பிதழ், மீதி பதினைந்து.
– வெளித் தேர்வாளருக்கு ரூம். மனைவியோடு வருகிறாராம்.
– அவர்களுக்குப் பெருமாள் சேவை. (ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் பாவத்துக்கு இது எப்போதும் என் தலையில். துறையில் யாருக்கு வைவா என்றாலும் தேர்வாளரைக் கோயிலுக்கு அழைத்துப் போவது நான். கேள்வி கேட்க வருகிறவர் மனம் குளிர்ந்து வர வேண்டுமாம்.)
– பொன்னாடை மூன்று.
– கேஸ் புக் பண்ண.

மதியம் ஜீயபுரம். ரெங்கசாமிக்கு அழைப்பிதழ். அவருடைய ரஸ்தாளித் தோட்டத்தில்தான் அமலா ஆராய்ச்சி செய்தாள். வாடல் நோய்க்கு நுண்ணுயிர்க் கரைசல். பாதி வரிசைகளுக்கு மருந்து, பாதி வரிசைகள் மருந்தே இல்லாமல், ஒப்பிட்டுப் பார்க்க. அதை வைத்துத்தான் போன டிசம்பரில் எங்கள் பேப்பர் வந்தது. பேப்பர் வராமல் தீசிஸ் கொடுக்க முடியாது என்பது இங்கே சட்டம். நன்றியுரையில் ரெங்கசாமி பெயர் இருக்கிறதே, மனுஷர் சந்தோஷப்படட்டும் என்று கலர் பிரிண்ட் ஒன்று எடுத்துப் போனேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு படங்களைப் பார்த்தார். முதல் படம், மருந்து ஊற்றிய மரம். "இது எங்க தோட்டம்." இரண்டாவது படம், மட்டையெல்லாம் ஒடிந்து பாவாடை கட்டினதுபோல் தொங்கும் மரம். அதையே வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க தோட்டம் இல்லீங்களே டீச்சரம்மா."

கீழே ஆங்கிலத்தில் அவர் ஊரும் பெயரும் இருப்பதை நானே வாய்விட்டுப் படித்துக் காட்டியிருந்தேன். புத்திசாலி!

"என் பேரையா போட்டிருக்கு? எங்க தோட்டத்துல ஒரு மரம்கூட வாடலையேம்மா! பின்னாடி பாருங்க, செங்கச் சூளை. எங்க கொல்லைப் பக்கம் சூளை ஏது? வாடுன மரத்துக்குக் கீழ என் பேரைப் போட்டா ஊரு என்னைப் பத்தி என்ன நினைக்கும்?"

நிஜமான கோபம். இது வெளிநாட்டுக்காரர்கள் படிக்கிற பத்திரிகை, இந்தப் பக்கம் யாரும் படிக்க மாட்டார்கள் என்று சமாதானம் சொன்னேன். சொன்ன கையோடு வெட்கமாகப் போய்விட்டது. அவர் மனைவி தனபாக்கியம் மோர் கொண்டு வந்தார், படத்தை எட்டிப் பார்த்தார், பேசாமல் உள்ளே போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கேஸ் புக் பண்ண மறந்தேன்.

ஜூலை 7, செவ்வாய்

அமலாவை லேபில் பிடித்தேன். சூளையைக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

"அது முசிறி மேடம். எங்க சித்தி ஊர்ல எடுத்தது. நம்ம தோட்டத்துப் போட்டோ தெளிவா இல்ல. ரெண்டும் ரஸ்தாளிதானேன்னு..."

"அதுக்கு ரெங்கசாமி பேரைப் போடுவியா? அறிவிருக்கா உனக்கு?"

அழுதாள். நானும் அதற்கு மேல் கத்தவில்லை. ஒரு படம்தானே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அப்படித்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இதழாசிரியருக்கு மெயில்: "இரண்டாவது படம் வேறொரு தோட்டத்தில் எடுக்கப்பட்டது, தவறுக்கு வருந்துகிறோம்." நான்கே வரி.

அனுப்பிய பிறகு ஒன்று ஞாபகம் வந்து உறுத்துகிறது. பேப்பரை அனுப்பிய அன்று ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு லிங்க் வந்தது. "மூலத் தரவுகளை நான் பார்த்துச் சரிபார்த்தேன்" என்று ஒரு கட்டம், அதில் டிக். நான் அதை அடித்தது ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில், மாம்பழச் சாலை சிக்னலில், ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. துறைத்தலைவர், அதாவது எங்கள் து.த., அதுகூடச் செய்யவில்லை, பாஸ்வேர்டை அமலாவிடமே கொடுத்துவிட்டார். துறையில் யார் தும்மினாலும் மூன்றாவது பெயர் துறைத்தலைவருடையது. அவர் வந்ததிலிருந்து அப்படி. அவருக்கு முன் இருந்தவர் காலத்திலும் அப்படி. என் தீசிஸ் பேப்பரிலும் அப்படி.

ஜூலை 8, புதன்

காலேஜ் வாசலில் அமலாவின் அம்மா ஜெபமேரி. மேலப்புதூரில் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவர். கணவர் இல்லை. ஒரே பெண்.

"மேடம், ஒரு அளவு ஜாக்கெட் குடுத்தனுப்புங்க. வைவாவுக்கு நீங்க நான் தச்சதுதான் போடணும்."

"அதெல்லாம் வேண்டாங்க."

"என்ன மேடம் வேண்டாம்? எங்க பக்கத்துல மொத டாக்டரு எம் பொண்ணு. ஊசி போடாத டாக்டருன்னு எல்லாரும் கிண்டல் பண்றாங்க. பண்ணட்டுமே!" என்று அவரே சிரித்தார்.

கேஸ் புக் பண்ணியாயிற்று.

ஜூலை 9, வியாழன்

பதில் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை. மரியாதையான கடிதம். நாங்களாக முன்வந்து சொன்னதற்குப் பாராட்டு வேறு! படத்தை நீக்கிவிட்டு ஒரு சிறு திருத்தக் குறிப்பு போடுவார்களாம். அதற்கு நான் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும்: "கட்டுரையின் மற்ற தரவுகள் அனைத்தும் மேற்படி தோட்டத்தில் எடுக்கப்பட்டவை, சரியானவை." 15-ஆம் தேதிக்குள்.

உடனே டைப் செய்ய உட்கார்ந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது.

எங்க தோட்டத்துல ஒரு மரம்கூட வாடலையே.

பேப்பரை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் அட்டவணை. மருந்து ஊற்றாத வரிசைகளில் வாடிய மரங்கள்: பதினொன்று. ஒன்று ரெங்கசாமி பெருமை பேசுகிறார், இல்லையென்றால் அட்டவணை பொய் சொல்கிறது. வாழைக்காரர்கள் தோட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வரியை மட்டும் முடிக்கவில்லை.

ஜூலை 10, வெள்ளி

தோட்டக் குறிப்பு நோட்டைக் கொண்டு வரச் சொன்னேன். மாதாமாதம் ஒவ்வொரு மரத்தையும் பார்த்து எழுதிய நோட்டு. "வீட்டுல இருக்கு மேடம். திங்கக்கிழமை எடுத்துட்டு வரேன்."

மேலப்புதூர் என்ன மெட்ராஸிலா இருக்கிறது?

மூன்று பீரியடும் பாடம் நடத்தினேன், என்ன நடத்தினேன் என்று கேட்டால் தெரியாது.

ஜூலை 11, சனி

ஜீயபுரம் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. ரெங்கசாமி மருந்துக் கடைக்குப் போயிருந்தார். தனபாக்கியம் மட்டும், இலைக்கட்டு கட்டிக்கொண்டு.

நான் வாயைத் திறக்கவே இல்லை. அவரே ஆரம்பித்தார்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும். அன்னிக்கே சொல்லியிருக்கணும். அவரு இருந்தாரு, வாய் வரல. நான்தாங்க ஊத்துனேன்."

"என்ன ஊத்துனீங்க?"

"மருந்துதான். அந்தப் பொண்ணு மாசம் ஒருக்கா டிரம்முல கலக்கி வெச்சுட்டுப் போகும். இந்தப் பக்கத்து மரத்துக்கு ஊத்துங்க, அந்தப் பக்கத்துக்கு ஊத்தாதீங்கன்னு சொல்லும். ஒரே வாய்க்காத் தண்ணி குடிச்சு ஒண்ணா வளந்ததுங்க. ஒரு பக்கத்துக்கு மருந்து, இன்னொரு பக்கம் செத்தா சாவட்டும்னு விட மனசு வருமா? நானும் ரெண்டு புள்ள பெத்தவதானே. கொஞ்சம் தண்ணிய சேத்து எல்லாத்துக்கும் பங்கு போட்டு ஊத்திட்டேன். மொத மாசத்துலேருந்து."

ஒப்பிடுவதற்கு என்று ஒரு மரம்கூட இருந்திருக்கவில்லை. அப்புறம் என்ன ஆராய்ச்சி?

"அமலாவுக்குத் தெரியுமா?"

"மூணாம் மாசமே தெரிஞ்சுபோச்சு. வாய்க்கா மேட்டுல உக்காந்து அப்படி அழுதுச்சு. ஏன் கண்ணு அழுவுற, எல்லா மரமும் நல்லாத்தானே இருக்குன்னேன். அதுக்கு மேல அழுதுச்சு."

இலைக்கட்டை ஓரமாக வைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "அது நல்ல மருந்துதானுங்களே? எங்களைப் பாத்துப் பக்கத்துக் கொல்லைக்காரங்களும் வாங்கி ஊத்துறாங்க."

தெரியலைங்க என்றேன். அதுதான் உண்மை. அந்த வருஷம் இந்தப் பக்கமே வாடல் வராமல் இருந்திருக்கலாம். மருந்தால் வராமலும் இருந்திருக்கலாம். கண்டுபிடிக்கத்தான் அந்த வரிசைகளைச் சும்மா விடச் சொன்னது. தனபாக்கியம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். படிச்சவ, புத்தகம் போட்டவ, தெரியலைங்கறாளே என்று நினைத்திருப்பார்.

அவர் மேல் கோபமே வரவில்லை. ஏன் ஊற்றக் கூடாது என்று யாராவது அவரிடம் உட்கார்ந்து சொன்னோமா? ஒன்றே கால் வருஷத்தில் நான் அந்தத் தோட்டத்துக்குப் போனது இரண்டு தடவை. இரண்டு தடவையும் இளநீர் குடித்தேன், போட்டோ எடுத்துக்கொண்டேன், வந்துவிட்டேன்.

ஜூலை 12, ஞாயிறு

வெளியூர்க் கூட்டம், உத்திர வீதியில் நடக்க வழியில்லை. பால் வாங்கிவரப் போன இவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார், அமலாவோடு. வழியில் பார்த்தாராம். சர்ச் முடிந்து நேராக வந்திருக்கிறாள். தனபாக்கியம் போன் பண்ணிச் சொல்லிவிட்டார் போல.

நோட்டைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். மேஜை மேல் வைத்தாள். முதல் மூன்று மாதம் எழுதியிருக்கிறது. அப்புறம் வெறும் பக்கங்கள்.

"அந்தப் பதினொண்ணு எங்கேருந்து வந்துது?"

"பழைய பேப்பர்லல்லாம் எவ்வளவு வாடியிருக்குன்னு பாத்து, அதை வெச்சு..."

"உக்காந்து நீயா எழுதுன."

"ஆமா மேடம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்தது இல்லை.

"சொல்ல வந்தேன் மேடம். இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வர்ற வாரம். ரூம் முழுக்க ஃபைல். ஃபீல்டுல ஒரு பிரச்சனை மேடம்னு ஆரம்பிச்சேன். எந்த ஃபீல்டுல பிரச்சனை இல்ல, என்ன பண்ணுவியோ தெரியாது, ரிசல்ட் டேபிளோட வா, சும்மா வராதன்னு சொன்னீங்க. டேபிளோட வந்தேன்."

சொன்னேனா? சொல்லியிருப்பேன். அந்த வார்த்தை என் வார்த்தைதான். என் கைடு என்னிடம் சொன்ன வார்த்தையும்தான். மறுபடி கன்று நட்டிருந்தால் இன்னும் ஒன்றே கால் வருஷம். அவளுக்கு ஃபெல்லோஷிப் முடிந்துவிட்டது அப்போதே.

"நானா பண்ணேன் மேடம், இல்லேங்கல. தப்புன்னு தெரியும். தினம் தெரியும். ஆனா அந்தத் திருத்தம் போட்டா போதும்னு சொல்றாங்கல்ல? ஒரு வரிதானே மேடம்."

யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறதே. அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

இவர் காபியை வைத்துவிட்டுக் கேட்டார்: "தப்பு பண்ணது அவளா, நீயா?" ரெண்டு பேரும் என்றேன். "அப்ப சரி, துணைக்கு ஆள் இருக்கு" என்று பேப்பரை எடுத்துக்கொண்டார். இந்த மனுஷரை என்ன செய்வது!

ஜூலை 13, திங்கள்

து.த. அறை. கதவைச் சாத்தச் சொன்னார். முழுவதும் சொன்னேன். நடுவில் ஒரு தடவை கூட நிமிரவில்லை.

"மேடம், வியாழக்கிழமை வைவா. அது முடியட்டும். ஆடி பொறக்கட்டும். அப்புறம் பொறுமையா உக்காந்து பேசலாம்."

"15-ஆம் தேதிக்குள்ள அந்த வரி போகணும் சார்."

"எழுதிக் குடுத்துடுங்க. யாரு ஜீயபுரம் வந்து மரத்தை எண்ணப் போறாங்க? மரமே வெட்டியாச்சு."

அது உண்மை. அறுவடை முடிந்து, மறு நடவும் ஆகி, அங்கே இப்போது பூவன் நிற்கிறது.

"என்னால அந்த வரிய எழுத முடியல சார். பேப்பரை வாபஸ் வாங்கணும்."

இதற்குத்தான் நிமிர்ந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "என் பேரை மட்டும் அதுலேருந்து எடுக்க முடியுமா?"

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். ஸ்டாஃப் ரூமுக்கு வந்து தனியாக உட்கார்ந்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெயர் போடச் சொல்லும்போது இருந்த கம்பீரம் என்ன!

பொன்னாடை வந்துவிட்டதாகக் கடையிலிருந்து போன்.

ஜூலை 14, செவ்வாய்

முழங்கால் வலி. இரண்டு வகுப்பு. உள்மதிப்பீட்டு மார்க் ஏற்ற வேண்டும், ஏற்றவில்லை.

அந்த ஒரு வரியை டைப் செய்து பார்த்தேன். எவ்வளவு சின்ன வரி! அனுப்பினால் என்ன ஆகும்: அமலா டாக்டர். ஜெபமேரி அம்மா சந்தோஷம். து.த. சந்தோஷம். எனக்கும் ஒரு தலைவலி இல்லை. அனுப்பாவிட்டால்: வைவா இல்லை, பட்டம் இல்லை, அவள் இன்டர்வியூ முடித்து வைத்திருக்கும் லெக்சரர் வேலையும் இல்லை. என் மேல் விசாரணை வரும். வரட்டும், வர வேண்டியதுதான்.

தனபாக்கியம் கேட்டதுதான் விட மாட்டேன் என்கிறது. நல்ல மருந்துதானுங்களே? ஒரு பத்திரிகையில் அச்சடித்து, நல்ல மருந்துதான் என்று ஊருக்கே சொல்லியிருக்கிறேன். நேருக்கு நேர் அவரிடம் மட்டும் தெரியலைங்க என்றேன். இரண்டில் ஒன்றை மாற்றித்தான் ஆக வேண்டும்.

வரியை அழித்தேன்.

ஜூலை 15, புதன்

லீவு போட்டேன். காற்று அடங்கி ஒரே புழுக்கம்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் "என் ஆய்வு மாணவி" என்று ஆரம்பித்தது. படித்துப் பார்க்க அருவருப்பாக இருந்தது. நல்லவள் வேஷம். அடித்துவிட்டு மறுபடி: "இக்கட்டுரையின் பொறுப்பாசிரியராகிய நான், தரவுகளைப் பார்க்காமலே பார்த்ததாக உறுதியளித்தேன். ஒப்பீட்டு வரிசைகள் என்று எதுவும் இருக்கவில்லை. மூன்றாம் அட்டவணையில் உள்ள எண்கள் கற்பனையானவை. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்."

பதினொரு மணிக்குப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்குப் போன். வைவாவை நிறுத்தி வைக்கச் சொன்னேன். காரணம் எழுத்தில் வருகிறது என்றேன். "நாளைக்கு வைவாவ இன்னிக்கு நிறுத்தினா எப்படி மேடம்?" என்று குமாஸ்தா கேட்டார். தேர்வாளருக்கும் போன். அவர் நல்ல மனிதர், ரயில் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிக்கொள்கிறேன் என்றார், காரணம் கேட்கவில்லை.

கடிதத்தை மட்டும் அனுப்பவில்லை. அவளுக்குத் தெரியாமல் அனுப்பக் கூடாது என்று தோன்றியது. வரச் சொன்னேன்.

இரண்டரைக்கு வந்தாள். நாளைக்காகக் கையில் மருதாணி வைத்திருக்கிறாள். லேப்டாப்பைத் திருப்பி வைத்தேன். நின்றுகொண்டே படித்தாள். அழவில்லை. திரும்ப முதல் வரிக்குப் போய் இன்னொரு தடவை படித்தாள்.

"நான் எழுதுன நம்பர்னு போடலையே மேடம்."

"யூனிவர்சிட்டிக்கு நீயே எழுது. உன் வாயால சொன்னா உனக்கு மரியாதை."

தலையை ஆட்டினாள். அப்புறம் சொன்னாள்: "நான் மூணாம் மாசமே உங்ககிட்ட சொல்ல வந்தேன்னு எழுதுங்க. நீங்க கேக்கலன்னு எழுதுங்க."

ஒரு நிமிஷம் சுருக்கென்றது. இதற்கு மேலுமா என்று. ஆனால் நியாயம்தானே. அவளுக்கென்று இந்தக் கதையில் இருக்கும் ஒரே உண்மை அது. எழுதினேன்: "மூன்றாம் மாதத்திலேயே மாணவி இதை என்னிடம் தெரிவிக்க முயன்றார். நான் கேட்கவில்லை." சரியா என்று கேட்டேன். சரி என்றாள்.

அனுப்பினேன். 2.50.

நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. தண்ணீர் வேண்டாம் என்றாள். போனை எடுத்து நம்பரைப் போட்டாள். மணி போகும்போதே என் பக்கம் நீட்டினாள்.

"அம்மா. இன்னும் தெரியாது. என்னால முடியாது மேடம், நீங்களே சொல்லிடுங்க."

வாங்கினேன். பின்னால் தையல் மெஷின் சத்தம், ஓடிக்கொண்டிருந்தது நின்றது.

"மேடம், நீங்களா! சொல்லுங்க மேடம். நாளைக்கு நாங்க எத்தன மணிக்கு வரணும்?"